மூன்று கட்டையில் தொடங்கினால்

கீபோர்டு இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் ஒருநாள் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்துவிடுவார். கறுப்புக் கட்டைகளைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும், ஒரு கட்டையிலிருந்து மேல் ஒரு கட்டை வரை வரிசையாக வாசித்தால் சங்கராபரணத்தின் சுரங்கள் வருகின்றன. ஒளிவுமறைவில்லாத, நிமிர்ந்த ஓசை. அதே வெள்ளைக் கட்டைகளை மூன்று கட்டையில் தொடங்கி மேல் மூன்று கட்டையில் முடித்தால் முகமே மாறிவிடுகிறது. சிலருக்கு அது ஸ்பானிய கிதாரை நினைவூட்டும், சிலருக்குத் திகில் படத்தை, கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குச் சிந்துபைரவியை. ஆனால் வாசித்தவை அதே ஏழு கட்டைகள். ஒன்றின் அதிர்வெண்ணும் கூடவோ குறையவோ இல்லை. அப்படியிருக்க இந்த இருட்டு எங்கிருந்து வந்தது?

நம் பாடகர்கள் மூன்று கட்டை என்பதை மேற்கத்திய இசையில் ஈ என்பார்கள். ஈ முதல் ஈ வரை வெள்ளைக் கட்டைகளில் பிறக்கும் சுரவரிசைக்கு அங்கே பிரிஜியன் என்று பெயர். கர்நாடக இசையில் அது எட்டாவது மேளமான அனுமத்தோடி. இந்துஸ்தானியில் பைரவி தாட். இருட்டு, சோகம், ஸ்பெயின், கிழக்குத் தேசம் என்று இந்தச் சுரவரிசைக்குப் பலரும் பல குணங்களை ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் குணம் ஏழு சுரங்களில் எதிலும் குடியிருக்கவில்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஏழில் எதைக் காது ஆதாரமாக ஏற்கிறது என்பதில் அதில் பெரும்பகுதி இருக்கிறது. மிச்சத்தைப் பழக்கம் சேர்க்கிறது.

இடைவெளிகளின் வரிசை

வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே கறுப்புக் கட்டை இல்லாத இடங்கள் இரண்டே. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒன்று, ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவே இன்னொன்று. அந்த இரண்டு இடங்களில் தாண்ட வேண்டிய தூரம் பாதிதான். அதை அரைச்சுரம் என்றும் மற்ற தூரங்களை முழுச்சுரம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கட்டையில் தொடங்கினால் ஏறுவது முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்ற வரிசையில். மூன்று கட்டையில் தொடங்கினால் அரை, முழு, முழு, முழு, அரை, முழு, முழு. முதல் வரிசையைக் கடைசியிலிருந்து படித்தால் இரண்டாவது வரிசை கிடைக்கிறது. சங்கராபரணத்தில் நீங்கள் இறங்கி வரும் படிகள், அதே அளவில் அதே வரிசையில், தோடியில் ஏறும் படிகள்.

இது வெறும் எண் விளையாட்டு இல்லை. சங்கராபரணத்தில் நிஷாதம் மேல் சட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே நிற்கிறது. அங்கே நின்று பாடினால் மேலே போய் முடிக்கச் சொல்லிக் காது அவசரப்படும். பிரிஜியனில் அந்த நெருக்கம் மறுபக்கம் போய்விடுகிறது. சட்ஜத்துக்குக் கீழே முழுச்சுரம் காலியாக இருக்க, மேலே அரைச்சுரத் தூரத்தில் சுத்த ரிஷபம் உட்கார்ந்திருக்கிறது. இங்கே மெட்டு ஏறி முடிவதில்லை, இறங்கி முடிகிறது. பிரிஜியனின் தனிச்சாயலில் பாதி இந்த ஒரு இடத்தில் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு.

அப்படியென்றால் மேல் சட்ஜத்திலிருந்து சங்கராபரணத்தை இறக்கி வாசித்தாலும் தோடி கேட்க வேண்டுமே என்று கேட்கலாம். கேட்காது. படிகளின் அளவு ஒன்றாக இருந்தாலும், ஏறுவதும் இறங்குவதும் ஆதார சுரத்தை வைத்துப் பார்த்தால் ஒன்றல்ல. மேல் சட்ஜத்திலிருந்து அரைச்சுரம் இறங்கியவர் ஆதாரத்துக்குக் கீழே நிற்கிறார். தோடியில் அரைச்சுரம் ஏறியவர் அதற்கு மேலே நிற்கிறார். காது படிகளை மட்டும் எண்ணுவதில்லை, எதிலிருந்து எண்ணுகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்கிறது.

சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஆதாரத்தை மட்டும் நகர்த்துவது தமிழுக்குப் புதிதல்ல. இன்று கிரகபேதம் என்று வழங்கும் இந்த உத்தியால் ஏழு பாலைகள் பிறப்பதைச் சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் விரிவாகப் பேசுகின்றன. செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்று கொண்டால், அதன் விளரியை, அதாவது தைவதத்தை, ஆதாரமாக்கும்போது கிடைக்கும் விளரிப்பாலை நம் தோடிதான். விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூலில் இந்தப் பாலைக் கணக்குகளை வெகு நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்.

காதுக்கு யார் சொல்வது

ஏழு சுரங்களில் எது ஆதாரம் என்று காது எப்படிக் கண்டுகொள்கிறது? நம் கச்சேரிகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. தம்பூரா முதல் நொடியிலேயே சொல்லிவிடுகிறது, கடைசி வரை சொல்லிக்கொண்டே இருக்கிறது. தம்பூரா இல்லாத இசையில் காது தடயங்களைத் தேட வேண்டும். எந்தச் சுரம் அதிக நேரம் ஒலிக்கிறது, வாக்கியங்கள் எதில் முடிகின்றன, அடியில் எது முழங்குகிறது, தாளத்தின் கனமான இடத்தில் எது விழுகிறது என்பவைதான் அந்தத் தடயங்கள். காஸ்டெல்லானோ, பரூச்சா, க்ரம்ஹான்ஸல் ஆகிய மூவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. வட இந்திய ராகங்களை இந்தியர்களுக்கும் மேற்கத்தியர்களுக்கும் வாசித்துக் காட்டி, பிறகு தனிச் சுரங்களை ஒலித்து, ஒவ்வொன்றும் முன்பு கேட்டதோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். அந்த இசையே தெரியாத மேற்கத்தியர்களும் சட்ஜம், பஞ்சமம் போன்ற தூண் சுரங்களைச் சரியாகப் பிடித்தார்கள். அதிக நேரம் ஒலித்தது எது என்ற தடயம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் ராகத்துக்கு அடியில் இருக்கும் தாட்டின் சுரவரிசையை உணர்ந்தவர்கள் இந்தியர்கள் மட்டுமே. தடயங்களைப் படிக்க எல்லாக் காதுக்கும் தெரியும். பழகிய காது தடயங்களுக்கு அப்பாலும் படிக்கிறது.

தடயங்கள் மாறினால் என்ன ஆகும் என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். கிதாரில் நான்கு கார்டுகள்: ஏ மைனர், ஜி, எஃப், ஈ. கட்டைக் கணக்கில் ஆறு, ஐந்து, நான்கு, மூன்று என்று அடிச்சுரம் படியிறங்கி வருகிறது. ஸ்பெயினின் தென்பகுதியான ஆந்தலூசியாவின் பெயரால் இதை ஆந்தலூசிய இறக்கம் என்கிறார்கள். ரே சார்லஸ் 1961இல் பாடிப் புகழ்பெற்ற 'ஹிட் த ரோட் ஜாக்' பாட்டில், வேறு சுருதியில், இதே இறக்கம் ஆரம்பம் முதல் முடிவு வரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்கும் யாருக்கும் நான்காவது கார்டு முடிவாகத் தோன்றுவதில்லை. அது கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறது, சுற்று மறுபடி முதல் கார்டுக்கு வந்ததும் பதில் கிடைக்கிறது. மெட்டும் அந்த முதல் கார்டின் ஆதாரத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. ஆகவே காது ஆறு கட்டையை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது. பாட்டு மைனர் பாட்டாகிவிடுகிறது.

பிளமெங்கோ இசையில் சொலெயா என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே இறக்கம்தான், ஆனால் நான்காவது கார்டில் எல்லாம் முடிந்துவிடுகிறது. சொலெயாவின் தாளச் சுற்று 12 எண்ணிக்கை கொண்டது. அதில் பத்தாவது எண்ணிக்கையில் இசை வந்து தரிக்கும், அந்த இடத்தில் ஒலிப்பது ஈ கார்டு. கிதாரின் ஆறாவது தந்தி, அதாவது இருப்பதிலேயே தாழ்ந்த தந்தி, விரல் வைக்காமல் மீட்டினால் ஈ சுரத்தைத் தரும். பாடகர் நீட்டி இழுத்து வந்து சேர்வதும் அங்கேதான். தாளத்தின் கனம், அடி முழக்கம், வாக்கிய முடிவு என்ற மூன்று தடயங்களும் மூன்று கட்டையைக் காட்டுகின்றன. அதன்பின் எஃப் கார்டு வெறும் வழிப்போக்கன் அல்ல, ஆதாரத்துக்கு அரைச்சுரம் மேலே நின்று அதை அழுத்தும் கார்டு. மைனராக இருந்தது பிரிஜியன் ஆகிவிட்டது. சுரங்கள் மாறவில்லை, எங்கே உட்காருவது என்பது மாறியது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. முடிக்கும் ஈ மேஜர் கார்டில் இருக்கும் அந்தர காந்தாரம் பிரிஜியனுக்குச் சொந்தமில்லையே, பிறகு அதை எப்படிப் பிரிஜியன் என்பது? பிளமெங்கோவில் இரண்டு காந்தாரங்களும் புழங்குகின்றன. பாடகரின் இறங்கும் வரிகளில் தாழ்ந்ததும், முடிவுக் கார்டில் உயர்ந்ததும் வரும். பாஷாங்க ராகத்தில் அன்னிய சுரம் வந்து போவதால் ராகத்தின் தாய்மேளத்தை நாம் மாற்றிச் சொல்வதில்லை. அதே தளர்வை இங்கும் கொடுக்கலாம்.

உரசலும் உணர்ச்சியும்

அரைச்சுர நெருக்கம் ஏன் காதை இப்படி உறுத்துகிறது என்பதற்கு இயற்பியல் ஒரு பகுதி விடை தருகிறது. கீபோர்டின் நடுப்பகுதியில் மூன்று கட்டை நொடிக்கு ஏறக்குறைய 330 முறை அதிர்கிறது, நான்கு கட்டை 349 முறை. இரண்டையும் சேர்த்து ஒலித்தால் அலைகள் ஒருகணம் கூடியும் மறுகணம் குலைந்தும் நொடிக்கு சுமார் 20 முறை ஒலி ஏறி இறங்கும். பள்ளிப் பாடநூல்கள் இதை விம்மல் என்கின்றன. நொடிக்கு இரண்டு மூன்று விம்மல் என்றால் எண்ணிவிடலாம், இதமாகக்கூட இருக்கும். இருபது என்றால் எண்ண முடியாது. இரண்டையும் ஒரே சுரமாகக் கேட்கவும் காதுக்கு இயலவில்லை, இரண்டாகப் பிரிக்கவும் இயலவில்லை. சொரசொரப்பு மட்டும் மிஞ்சுகிறது. கிதார், தம்பூரா போன்ற கருவிகளில் அடிப்படை அதிர்வோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே எழுவதால் அந்த மேற்சுரங்களும் ஒன்றோடொன்று உரசுகின்றன. ஆதார சுரம் முழங்கிக்கொண்டே இருக்கும் இசையில் சுத்த ரிஷபத்தில் நின்றால் இந்த உரசல் கூடவே நிற்கிறது. 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தில் சுறா நெருங்குவதற்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த புகழ்பெற்ற இசை இந்த மூன்று கட்டையும் நான்கு கட்டையும்தான். அவை அங்கே மாறி மாறி ஒலிக்கின்றன, சேர்ந்து ஒலிப்பதில்லை. நெருக்கம் மட்டுமே வேலையைச் செய்துவிடுகிறது.

உடனே ஒரு முடிவுக்குத் தாவத் தோன்றும்: உரசல் அச்சம் தருகிறது, ஆகவே பிரிஜியன் இருட்டானது, விஷயம் முடிந்தது. இந்த முடிவைத் தகர்க்கத் தமிழ் வாசகருக்கு நூலகம் போக வேண்டியதில்லை. பாட்டு கற்க உட்காரும் குழந்தைக்கு முதல் நாள் சொல்லித்தரும் சரளி வரிசை மாயாமாளவகௌளையில் இருக்கிறது. அதில் சட்ஜத்துக்கு மேலே அரைச்சுரத்தில் சுத்த ரிஷபம், கீழே அரைச்சுரத்தில் காகலி நிஷாதம் என்று இரண்டு பக்கமும் நெருக்கம். எந்தக் குழந்தையும் பயந்து எழுந்து ஓடியதில்லை. யூதத் திருமணங்களில் கைகோத்து ஆடும் 'ஹாவா நாகிலா' பாட்டும் சுத்த ரிஷபம் கொண்டதே, ஏறத்தாழ நம் வகுளாபரணத்தின் சுரங்கள். பிளமெங்கோவிலேயே புலெரியா என்ற வகை கைதட்டலும் கேலியும் ஆட்டமுமாகக் கொண்டாட்டத்தின் உச்சியில் வைத்துப் பாடப்படுவது, அதுவும் பிரிஜியன் நிழலில்தான். உரசல் ஒரு விறைப்பைத் தருகிறது என்று மட்டுமே இயற்பியலை நம்பிச் சொல்லலாம். அந்த விறைப்பைத் துக்கமாக எடுத்துக்கொள்வதா, துள்ளலாக எடுத்துக்கொள்வதா என்பதை வேகமும் தாளமும் சொற்களும் வளர்ந்த சூழலும் தீர்மானிக்கின்றன.

சோதனைச்சாலைச் சான்று இதற்கு எதிராக இருப்பதுபோலத் தோன்றலாம். டெம்பர்லி, டான் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இசைப் பயிற்சி இல்லாத அமெரிக்க மாணவர்களுக்கு ஒரே ஆதார சுரத்தில் அமைந்த ஆறு சுரவரிசைகளின் மெட்டுகளை இரண்டிரண்டாகக் கேட்கவைத்து, எது அதிக மகிழ்ச்சியாக இருக்கிறது என்று கேட்டார்கள். சங்கராபரணத்துக்கு இணையான மேஜர் முதலிடம் பெற்றது, பிரிஜியன் கடைசி இடம். பொதுவாக, தாழ்ந்த சுரங்கள் கூடக் கூட மகிழ்ச்சி குறைந்தது. ஆனால் இந்த முடிவில் ஒரு மூலை மடங்கியிருக்கிறது. சுரம் உயர்ந்தால் மகிழ்ச்சி கூடும் என்பதே விதியானால், மேஜரைவிட ஒரு சுரம் உயர்ந்த லிடியன், அதாவது நம் கல்யாணிக்கு இணையானது, முதலில் வந்திருக்க வேண்டும். அது மேஜருக்குக் கீழேதான் வந்தது. தொட்டில் முதல் விளம்பரம் வரை மேஜரில் ஊறிய காதுகளுக்கு அதுவே நடுநிலை என்று வைத்துக்கொண்டால் இந்த முடிச்சு அவிழ்கிறது. அவர்கள் அளந்ததில் ஒரு பங்கு பழக்கத்திலிருந்து விலகிய தூரம்.

கிரேக்கர்கள் சொன்னது

இடையில் ஒரு வரலாற்றுக் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பிரிஜியா இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் இருந்த பழைய நாடு, மீதாஸ் மன்னனின் நாடு. பிளேட்டோ தன் இலட்சிய அரசில் அனுமதித்த இசைமுறைகள் இரண்டே: டோரியன், பிரிஜியன். அரிஸ்டாட்டில் அரசியல் நூலில் இதைக் கண்டித்து, பிரிஜியன் ஆவேசத்தைத் தூண்டுவது, டோரியன்தான் நிதானமும் வீரமும் உடையது என்றார். அவர்கள் பிரிஜியன் என்றது நாம் இங்கே பேசும் பிரிஜியன் அல்ல. இன்றைய மூன்று கட்டைச் சுரவரிசைக்குக் கிரேக்கர்கள் இட்ட பெயர் டோரியன். இடைக்கால ஐரோப்பிய ஆசிரியர்கள் கிரேக்கப் பெயர்களைத் தேவாலய இசைக்குப் பொருத்தும்போது பெயர்கள் இடம் மாறிவிட்டன. இசைக் கோட்பாட்டாளர் கிலாரியன் 1547இல் தன் பெரிய நூலை வெளியிட்டபோது அந்த மாற்றம் நிலைபெற்றிருந்தது. ஆக, நாம் இருட்டு என்று கேட்கும் சுரவரிசையை அரிஸ்டாட்டில் வீரம் என்று கேட்டார்!

இதை வைத்து உணர்ச்சி முழுவதும் பழக்கம்தான் என்று அறிவித்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் வினாத் தொகுப்பு ஒன்று, நல்ல மெட்டுகள் எல்லாம் மெஸே என்ற நடுச்சுரத்துக்கே அடிக்கடி திரும்புகின்றன என்கிறது. டோரியன் வரிசையில் அந்த நடுச்சுரம் கீழிருந்து நான்காவது, நம் கணக்கில் ஆறு கட்டை. அப்படியானால் கிரேக்கக் காதுக்கு ஆதாரம் மூன்று கட்டையாக இல்லாமலும் போயிருக்கலாம். எல்லை மூன்று முதல் மூன்று வரை, உட்கார்ந்த இடம் ஆறில். கிரேக்கர்களின் வீரத்தை நம் இருட்டோடு நேராக ஒப்பிடுவது அதனால் சரிவராது. பழக்கத்துக்கான சான்றாக இது வலுவிழக்கிறது, ஆதாரத்துக்கான சான்றாக வலுப்பெறுகிறது.

தோடி ஏன் ஸ்பெயினை நினைவூட்டவில்லை

கச்சேரி ரசிகர் இந்த இடத்தில் குறுக்கிடுவார். பிரிஜியனும் தோடியும் ஒன்று என்கிறீர்கள், ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடியில் எங்கே இருக்கிறது பிளமெங்கோ? நல்ல கேள்வி. இதுவரை பேசியது சுரவரிசையைப் பற்றி, ராகத்தைப் பற்றி அல்ல. தோடியின் காந்தாரம் கட்டையில் அழுத்தினால் கிடைக்கும் சாதாரண காந்தாரமாகப் பெரும்பாலும் நிற்பதே இல்லை. அது கீழும் மேலும் அகலமாக அசைந்து, அந்த அசைவாலேயே அடையாளம் காணப்படுகிறது. கமகத்தை நீக்கினால் மேளத்தின் எண் மிஞ்சும், தோடி மிஞ்சாது. அதனால்தான் கீபோர்டில் மூன்று கட்டையிலிருந்து நேராக வாசித்தால் நம் காதுக்குத் தோடி வராமல் சிந்துபைரவியின் சாயல் வருகிறது. ஆதாரம் எது என்பது முதல் கேள்வி. அதற்குப் பிறகு சுரங்கள் எப்படி நடக்கின்றன என்ற பெரிய கேள்வி காத்திருக்கிறது, அது தனி அத்தியாயம் கேட்கும்.

ஒரே மெட்டு, இரண்டு ஆதாரங்கள்

இந்த வாதத்துக்கு ஒரு கடுமையான சோதனை வைக்க வேண்டுமானால் மெட்டைக் கொஞ்சமும் மாற்றாமல் ஆதாரத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஹாஸ்லர் என்பவர் 1601இல் ஒரு காதல் பாட்டு வெளியிட்டார். அந்த மெட்டு பிறகு சிலுவையில் காயப்பட்ட ஏசுவைப் பாடும் துதிப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பாக் தன் 'மத்தேயு பாடுகள்' இசைப்படைப்பில் இதை ஐந்து முறை கையாண்டார். முதல் இரண்டு முறை ஒரே கார்டுகள்தான், சுருதி மட்டும் வேறு; பிறகு ஒவ்வொரு முறையும் அடியில் வேறு கார்டுகள். ஏசு உயிர் விட்டவுடன் வரும் கடைசி முறை, அடிக்குரல்கள் மெட்டைப் பிரிஜியனாக்கி, மெட்டின் இறுதிச் சுரத்தையே ஆதாரமாக்கி முடிக்கின்றன. அந்த இறங்கும் அரைச்சுரம் அங்கே முழுக் கனத்தோடு விழுகிறது.

சொற்களும் சந்தர்ப்பமும்தான் அந்தக் கனத்தைத் தந்தன என்று ஒருவர் சொல்லலாம். 1734 டிசம்பர் 25 அன்று லைப்சிக் நகரில் பாக்கின் 'கிறிஸ்துமஸ் ஆரடோரியோ'வின் முதல் பகுதி பாடப்பட்டது. அதில் வரும் முதல் துதிப்பாட்டு இதே மெட்டு. சொற்கள் துக்கத்தைப் பேசவில்லை, வருபவரை எப்படி வரவேற்பது என்று கேட்கின்றன. முடிவோ பிரிஜியனில். அடங்கி, குனிந்து, கேள்வியைக் கேள்வியாகவே விட்டு முடிகிறது. ஆறாவது பகுதி 1735 ஜனவரி 6 அன்று நடந்தது. அதன் கடைசிப் பாட்டிலும் மெட்டு மாறவில்லை, அதே இறுதிச் சுரத்தில்தான் முடிகிறது. ஆனால் இப்போது கீழே முழங்குவது டி மேஜர். இறுதிச் சுரம் ஆதாரமாக இருந்த பதவியை இழந்து, ஆதாரத்துக்கு மேலே அந்தர காந்தாரமாக நிற்கிறது. எக்காளங்களும் முரசும் அந்த வெற்றிக் களிப்பில் தங்கள் பங்கைச் செய்கின்றன, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எக்காளத்தையும் முரசையும் எடுத்துவிட்டு நான்கு குரல்களை மட்டும் வைத்துப் பாடினாலும், அந்தக் கடைசிச் சுரம் அங்கே இறங்கி விழுவதில்லை, மேஜர் கார்டின் நடுவே நிமிர்ந்து நிற்கிறது.